வெள்ளத்துரை ஓட்டிய சைக்கிள்

"சாமி, செத்துப்போன ஒருத்தன் என்னை விட மாட்டேங்கான்."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது சின்னச்சாமி குளத்தங்கரையில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பனுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சின்னச்சாமிக்கு முப்பத்தைந்துதான் இருக்கும். தன் குருவான பெரியசாமி அடங்கியபின் அவருடைய சமாதியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். தன் மகன் வயதுள்ள ஒருவர் முன்னால் கைகட்டி நிற்க ஆவுடையப்பனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. போகாத இடமெல்லாம் போய்ப் பார்த்தாகிவிட்டது. அதனால் நின்றார்.

"யாரு அவரு?"

"வெள்ளத்துரைன்னு பேரு. என் லாரியில அடிபட்டவரு. ஒம்பது வருசம் ஆச்சு."

"கோர்ட்டுல என்ன சொன்னாங்க?"

"விட்டுட்டாங்க. என் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க."

"அப்புறம் என்ன அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் சுற்றிலும் பார்த்தார்.

"அதுல ஒரு விசயம் இருக்கு சாமி. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு விடியக்காலம் நான்…"

சின்னச்சாமி கையை உயர்த்தினார். விரல்களில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"என்கிட்ட சொல்லாதிய."

"உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவேன்?"

சாமி குடத்தைச் சாய்த்து அடுத்த பாத்திக்கு ஊற்றினார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது.

"திருச்செந்தூர்ல முடி எறக்கிட்டேன். ராமேஸ்வரத்துல முங்கிட்டேன். அவரு செத்த தேதிக்கு வருசா வருசம் நூறு பேருக்குச் சோறு போடுதேன். லாரியே வேண்டாம்னு வித்துட்டேன். இன்னும் நான் என்னதான் செய்யணும்?"

"அந்தச் சைக்கிள் என்ன ஆச்சு?"

"எந்தச் சைக்கிள்?"

"அவரு சைக்கிள்லதான போனாரு?"

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அது அவர் நினைப்பில் வந்ததில்லை.

"தெரியல சாமி. நான் கேக்கல."

"கேளுங்க."

சாமி வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார்.

*

வெள்ளத்துரையின் ஊர் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவு. ஓட்டு வீடு. முன்னால் ஓலைப் பந்தல். பந்தலுக்கு அடியில் ஒரு பெண் சாக்கு விரித்துப் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

முப்புடாதி. வெள்ளத்துரையின் மனைவி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஒரே மகன் கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய்விட்டான்.

அவள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கோர்ட் வாசலில் எத்தனையோ தடவை பார்த்த முகம்.

முறம் நின்றது.

"எதுக்கு வந்தீரு?"

"அந்தச் சைக்கிள்…"

"எந்தச் சைக்கிள்?"

"அவுக ஓட்டுன சைக்கிள். இருக்கா தாயி?"

அவள் எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தாள். அவர் பின்னால் போனார். பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த சாய்ப்பில், கிழிந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். துருவுக்குள்ளே அங்கங்கே பச்சை தெரிந்தது. டயர்கள் மக்கிப்போயிருந்தன. சக்கரங்கள் கோணாமல் இருந்தன. சேதம் முழுக்க ஒரே இடத்தில்தான். இடது பெடலைத் தாங்குகிற இரும்புக் கை, கடைக்காரர்கள் கிராங்க் என்கிறார்களே அது, உள்பக்கமாக மடங்கி சட்டத்தில் குத்திக்கொண்டு நின்றது.

ஒரு மனிதனின் முழங்கால் மடங்கியது மாதிரி இருந்தது ஆவுடையப்பனுக்கு. வேறு பக்கம் பார்த்தார்.

"பாத்தாச்சா?"

"நான் இதைச் சரி பண்ணித் தாரேன்."

"சைக்கிளச் சரி பண்ணுவீரு. அவுகளையும் சரி பண்ணித் தருவீரா?"

அவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அவுகளுக்கு ரோட்டுல சைக்கிள் ஓட்டத் தெரியலன்னு சொன்னீரே, கோர்ட்டுல. திடீர்னு குறுக்க திரும்பிட்டாகன்னு. பதினாறு வயசுல இருந்து ஓட்டுனவுக. என் தலைப்பிரசவத்துக்கு என்னய இதுல பின்னால வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. ஒரு குலுக்கல் இல்ல."

பின்பக்க மரத்தில் ஒரு காகம் கத்திவிட்டுப் போயிற்று. அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.

கடைசியில் முப்புடாதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"கொண்டு போறதுன்னா கொண்டு போம். நான் திரும்பறதுக்குள்ள கொண்டு போம்."

அவர் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வேலி தாண்டும்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

"திரும்ப வரணும் அது."

*

வழியில் குளத்தங்கரையில் இறங்கினார்.

"கிடைச்சிருச்சு சாமி. டவுன்ல நல்ல கடை ஒண்ணு இருக்கு. அங்கன குடுத்தா ஒரே நாள்ல…"

"கடைக்காரரா லாரிய ஓட்டுனாரு?"

ஆவுடையப்பன் சைக்கிளை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டார்.

*

லாரிக்காரருக்குச் சைக்கிள் ஒரு பொருட்டா? அவர் அப்படித்தான் நினைத்தார். வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்.

கிராங்கையும் நடு அச்சையும் சேர்த்துப் பிடித்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஆணி. காட்டர் பின் என்பார்கள். ஒரு பக்கம் சீவினது மாதிரி சரிவாக இருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு அதைத் தட்டி வெளியே எடுத்தால் கிராங்க் தானாகக் கையோடு வந்துவிடும்.

நட்டைக் கழற்றினார். சுத்தியலால் ஓங்கி அடித்தார்.

பின் வரவில்லை. தலை நசுங்கியது.

இன்னும் ஓங்கி அடித்தார். பின் வளைந்தது. சைக்கிள் முழுக்க அதிர்ந்து கீழே சரிந்தது.

மூன்றாவது நாள் அவருடைய மனைவி கோமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அது யாருடைய சைக்கிள் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"கோவத்துல அடிக்கிய," என்றாள்.

"துருப்பிடிச்சுப் போயிருக்குடி. அடிக்காம எப்படி வரும்?"

"ஒம்பது வருசமா ஒட்டிக் கெடக்கு. ஒரு அடியில விட்டுருமா? மண்ணெண்ண விட்டு ஊற வையுங்க."

ஊற வைத்தார். காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு சொட்டாக விட்டார். கைவேலை எதுவும் இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த மடங்கிய இரும்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சுத்தியல் கையில் இருந்தவரை பார்க்காமல் இருந்துவிட முடிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் கோமதி ஒரு துண்டு இரும்புக் குழாயைக் கொண்டுவந்தாள். கிராங்குக்கு அடியில் நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கீழ தாங்கல் இல்லாம அடிச்சா அடி பூரா வண்டிக்குத்தான் போகுது. இப்பத் தட்டுங்க."

"உன் கையில பட்டுட்டா?"

"படாம அடிங்க."

ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தட்டுத் தட்டினார். வளைந்த ஆணி ஒரு நெல் அளவு இறங்கியது. இன்னொரு தட்டு. இன்னொன்று. குழாய்க்குள்ளே 'ணங்' என்று விழுந்தது.

கோமதி குழாயைக் கவிழ்த்து, ஆணியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மடங்கிய கிராங்கை நிமிர்த்தப் பார்த்தார். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் வைத்து நெம்பியபோது வளைவில் முடி மாதிரி ஒரு கீறல் ஓடியது. இனி அது ஆள் பாரம் தாங்காது. அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அச்சைக் கழற்றி, காய்ந்துபோன கிரீஸைச் சுரண்டி, தேய்ந்த பேரிங் குண்டுகளை மாற்றினார். வலது பக்கத்துப் பின்னும் துருவேறி இருந்ததால் அதையும் தட்டி எடுத்தார். இரண்டு புதுப் பின்களையும் அரத்தில் தேய்த்துத் தேய்த்து, துளைக்குள் இறங்குகிற பதத்துக்குக் கொண்டுவந்தார். அந்தத் தேய்ப்பு வேலைக்கு மட்டும் ஒரு பகல் முழுக்க ஆனது.

டயர் மாட்டி, காற்றடித்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

சைக்கிள் நொண்டியது.

*

"எல்லாம் புதுசு சாமி. எதுவும் ஆடல. ஆனா மிதிச்சா நொண்டுது. ஒரு பெடல் மேல இருக்கும்போது இன்னொண்ணு நேர் கீழ வர மாட்டேங்கு. முன்னால தள்ளி நிக்கி."

இருவரும் சமாதிக்கு முன்னால், ஒரே படியில், குளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படி மாட்டுனிய?"

"ரெண்டையும் ஒரே மாதிரிதான் மாட்டுனேன். ரெண்டு பக்கமும் மேல இருந்து எறக்கி, கீழ நட்டுப் போட்டேன். ஒரு குறையும் இல்ல."

சின்னச்சாமி எழுந்தார். நாலடி நடந்து போய், ஆவுடையப்பனுக்கு நேர் எதிரே தரையில் அவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் அவரைப் பார்த்தார். அவர் ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"இத்தன நாளும் எங்கிருந்து பாத்திய அண்ணாச்சி?" என்று சாமி மெதுவாகக் கேட்டார்.

"என் பக்கத்துல இருந்துதான்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து இடது பின்னைக் கழற்றித் திருப்பினார். வலதுபக்கத்துப் பின் மேலிருந்து இறங்கியது. அதற்கு எதிராக, இடதுபக்கத்துப் பின்னைக் கீழிருந்து ஏற்றினார். பெடல்கள் இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிராக நின்றன.

*

சைக்கிளைக் கொண்டுபோய்ப் பந்தல் காலில் சாத்தினார். முப்புடாதி வெளியே வந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். குனிந்து இடது பெடலைக் கையால் சுற்றினாள்.

"இது அவுகளுது இல்ல," என்றாள், புதுக் கிராங்கைத் தொட்டு.

"நிமிர்த்திப் பாத்தேன். கீறல் விட்டுட்டு. பழசையும் கொண்டு வந்திருக்கேன்."

மஞ்சள் பையில் இருந்து எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாரு ஓட்டுவா?" என்று கேட்டார்.

"நான்தான். பள்ளிக்கூடத்துக்கு மூணு மைலு. நடந்துதான் போறேன். சின்னதுல எங்கண்ணன் சைக்கிள்ல பழகுனது, மறக்காது."

அவருக்கு எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"வாரேன் தாயி," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் உடம்பு லேசானதுபோல இருந்தது. முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. ஒரு வாரம்தான் தாங்கியது. உட்கார முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிப்போய், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று.

அவள் வந்தாள். ஓட்டிக்கொண்டு வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தாள். இடதுபக்கத்துக் கிராங்க் ஆடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் 'டக்'கென்று சத்தம்.

ஆவுடையப்பன் சட்டென்று கடைக்குப் பின்னால் ஒதுங்கினார். அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை அங்கிருந்து வெளியே வரவில்லை.

*

"நான் தோத்துட்டேன் சாமி."

சின்னச்சாமி கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரத்துல தளந்துட்டு. அவ்வளவு பாடுபட்டு மாட்டுனது. என் கையில எதுவும் தங்காது. கடைக்காரன்கிட்டயே குடுத்திருக்கலாம்."

"லாரிக்குப் புதுசா சக்கரம் மாட்டுவியள்லா?"

"மாட்டுவோம்."

"மாட்டிட்டு, நூறு மைலு ஓட்டுன பொறவு என்ன செய்விய?"

"நிறுத்தி, எறங்கி, நட்டை மறுபடியும் முறுக்குவோம்."

"ஏன், மொதல்ல ஒழுங்கா முறுக்கலியா?"

ஆவுடையப்பன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

சாமி ஒரு கட்டுக் கீரையை அவர் கையில் வைத்தார்.

"வீட்ல குடுங்க," என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. முப்புடாதி பந்தலுக்குள் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் வெளியே வேலியோரம் வெயிலில் நின்றது.

"பின்னு தளந்திருக்கும் தாயி. முறுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"தளந்தது உமக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை பாத்தேன். டீக்கடைக்குப் பின்னால நின்னேன்."

"நானும் பாத்தேன்," என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னை இரண்டு தட்டுத் தட்டி, ஸ்பேனரைப் போட்டு நட்டை முறுக்கினார். கால் சுற்றுத்தான் ஏறியது. பெடலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"ஓட்டிப் பாருங்க. இன்னொரு வாரம் கழிச்சு மறுபடியும் வாரேன். புதுப் பின்னு இறுகி உக்கார வரைக்கும் அப்படித்தான்."

முப்புடாதி எழுந்திருக்கவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக அந்த எடத்துலயே போயிட்டாகன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. நெசந்தானா?"

ஸ்பேனர் அவர் கையில் நின்றது.

"இல்ல. கொஞ்ச நேரம் உசுரு இருந்துச்சு."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான்."

அவள் குரல் ரொம்பச் சின்னதாகிப் போயிற்று.

"ஏதும் சொன்னாகளா?"

ஆவுடையப்பன் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். எழுந்து நின்றார்.

"அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும் தாயி. அவுக குறுக்க திரும்பல. கோர்ட்டுல நான் சொன்னது பொய்யி. அவுக ஓரமாத்தான் போனாக. எனக்குப் பீடி கீழ விழுந்துட்டு. அதைத் தேடிக் குனிஞ்சேன். நிமிர்ந்து பாக்கும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு."

முப்புடாதி எழுந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அவர் போயிருக்கலாம். பஸ் வருகிற நேரம்தான். தூரத்தில் அதன் ஹாரன் கேட்டது. வந்தது. நின்றது. போய்விட்டது.

அவர் நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறி நிழல் காலடிக்குள் வந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உட்காரத் தோன்றவில்லை.

கதவு திறந்தது.

அவள் முகம் வீங்கியிருந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேட்டது அதில்ல," என்றாள். "ஏதும் சொன்னாகளான்னு கேட்டேன்."

"சொன்னாக."

"என்ன சொன்னாக?"

ஒன்பது வருஷமாக உள்ளேயே கிடந்த வார்த்தைகள் லேசில் வெளியே வரவில்லை.

"நான் எறங்கி ஓடியாந்து, நடு ரோட்டுல அவுக பக்கத்துல முட்டுக்கால் போட்டு உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல எனக்கு. அவுக கண்ணத் தொறந்து என்னயப் பாத்தாக. 'அண்ணாச்சி, வண்டி ஏதும் வரும். ஓரமா போங்க'ன்னாக. அவ்வளவுதான் தாயி. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

முப்புடாதி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது அடங்க நேரமானது.

"அண்ணாச்சின்னா சொன்னாக?"

"ஆமா."

"போனியளா?"

அவர் தலையை அசைத்தார். இல்லை என்று.

அவள் குனிந்து, பந்தலுக்கடியில் விரித்திருந்த சாக்கின் ஒரு பாதியைத் தட்டிவிட்டாள். முறத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"அவுக சொன்னா கேக்கணும்லா அண்ணாச்சி," என்றாள். "வாங்க. ஓரமா வாங்க."